எல்லையோர மாணவரும் வீட்டுக்கொரு கைப்பேசியும்

கைப்பேசி மாணவரை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்னும் பட்டிமன்றத் தலைப்பு பெருநகரங்களில் பொருள்படலாம். 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகரில் அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய வினாக்கள் உள்ளன. வீட்டிலுள்ள கைப்பேசி யாருடையது? அது மாணவரின் கைக்கு எத்தனை மணிக்கு வருகிறது? வந்தபின் எந்த மொழியில் பேசுகிறது?

மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழப் பாதி காடு. பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேசுவரன் மலையிலும் மேட்டில் கிட்டும் அலைவரிசை பள்ளத்தில் அற்றுப்போகும். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது கர்நாடக அரசு 2020 ஆகஸ்டில் ‘வித்யாகம’ திட்டத்தைத் தொடங்கியது. இணைய வசதியுள்ள கைப்பேசி உடையோர், சாதாரணக் கைப்பேசி மட்டும் உடையோர், எதுவுமே இல்லாதோர் என மாணவர்கள் வகைப்படுத்தப்பட்டனர். ஆசிரியர்கள் ஊர்களுக்கே சென்று, கோயில் வளாகத்திலும் மரநிழலிலும் சிறு குழுக்களாகப் பாடம் நடத்தினர். தொற்று அச்சத்தால் அக்டோபரில் நிறுத்தப்பட்ட திட்டம், 2021 ஜனவரியில் மீண்டும் உயிர்பெற்றது. அதன் குறைகள் பல. ஆயினும் ஒரே வகுப்பறைக்குள் மூன்று வகுப்புகள் இருக்கின்றன என்பதை ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அரிய செயலே. பள்ளிகள் திறந்ததும் அந்தப் பகுப்பு மறக்கப்பட்டது. வாட்ஸ்அப் குழு மட்டும் நிலைத்துவிட்டது.

இன்று கைப்பேசி இல்லாத வீடு குறைவு என்பது உண்மைதான். பிரதம் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஏசர் ஆய்வு, 14 முதல் 18 வயது வரையிலான ஊரக இளையோரை ஆராய்ந்தது. திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் சொந்தமாக அதை வைத்திருப்போர் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடு. மறு ஆண்டின் ஆய்வில், 14 முதல் 16 வயதினருள் பயன்படுத்தத் தெரிந்தோரில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் கல்விக்காகவும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்காகவும் அதைக் கையாண்டிருந்தனர். பின்னிரண்டு எண்களைக் கண்டு கவலைப்படுவோர் முன்னிரண்டு எண்களைக் கடந்துபோய்விடுகின்றனர். வேலைக்குச் சென்ற தந்தையோ அண்ணனோ திரும்பியபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுத வேண்டிய மாணவிக்குக் கவனச்சிதறல் இரண்டாம் சிக்கலே.

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024இல் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. அதைப் போற்றி இங்கும் வேண்டுவோர் உளர். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கணக்கு என்னும் வாழ்முறைமேல் எழுந்த சட்டம் அது. தந்தையின் கணக்கில் மகள் காணொளி பார்க்கும் வீட்டில் அச்சட்டம் யாருடைய வயதைச் சரிபார்க்கும்?

மொழியின் கதை இன்னும் சுவையானது. கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அனூர் வட்டத்தின் மார்ட்டள்ளிப் பகுதியில் இன்றும் வீட்டுமொழி தமிழ். எல்லைக்கு அப்பால் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியிலோ கன்னடம் பேசுவோர் மிகுதி. கன்னடவழியில் பயிலும் தமிழ்ச் சிறார் பலர் தமிழைப் பேசுவர், எழுதார். தனக்கென எழுத்தில்லாத மொழியைப் பேசும் சோலிகர் சிறாரின் நிலையும் அதற்கு அணித்தே. இவர்களுக்குக் குரல்பதிவு ஒரு பெரும் திறப்பு. பந்திப்பூர்க் காட்டுச்சாலை 2009 முதல் இரவில் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. உறவினரின் குரலோ இரவிலும் காட்டைக் கடந்து வருகிறது. அச்சிட்ட பாடநூல் கொடுக்காத ஓர் உறவை, பள்ளி விளையாட்டுப் பொருளென ஒதுக்கும் கருவி கொடுக்கிறது.

அக்கருவியைப் பள்ளிகள் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையாகவே ஆள்கின்றன. குழுவில் ஆசிரியர் இடுவார், பெற்றோர் கட்டைவிரல் காட்டுவர், உரையாடல் முடிந்தது. வகுப்பு நேரத்தில் கைப்பேசியைத் தடுப்பதில் தவறில்லை. ஆனால் பகலில் அதைத் தடுத்துவிட்டு, மாலையில் வீட்டுப்பாடத்தை அதிலேயே அனுப்புவது முறையன்று. கரும்பலகையில் எழுதப்படாத எப்பாடமும் மறுநாள் கேட்கப்படலாகாது என ஒரு சுற்றறிக்கை போதும். அதற்குச் செலவும் இல்லை. மாணவர் பாட்டியிடம் கதை கேட்டு அவர்தம் மொழியிலேயே பதிந்துவரும் பணியை மொழிவகுப்பில் சேர்க்கலாம். அதற்கு அலைவரிசைகூட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் அக்கைப்பேசி பிள்ளையின் கையில் இருந்தால் போதும்.