பத்தாயிரத்தில் ஒருவர்

2018 அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட்டை வெளியிட்டது. அதை ஏற்றிக்கொண்டவர்களில் சிலர், தாங்கள் சேர்த்து வைத்திருந்த படங்களும் கடிதங்களும் காணாமற் போயிருக்கக் கண்டார்கள். ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றியவர்கள் பழைய இடத்திலும் சிலவற்றை விட்டு வைத்திருந்தார்கள். அந்த இடம் காலி என்று கொண்டு அப்டேட் அதைத் துடைத்தே விட்டது. சில நாட்களில் விநியோகத்தை நிறுத்தினார்கள்.

பிறகு வந்ததே ஒரு சமாதானம்! நஷ்டத்தைத் தெரிவித்தவர்கள் ஒரு சதவிகிதத்தில் நூற்றில் ஒரு பங்குதானாம். அதாவது, பத்தாயிரத்துக்கு ஒருவர்.

நான் கேட்கிறேன்: குழந்தையின் முதற் படத்தைப் பறிகொடுத்த தாய்க்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல் தரும்? அவளுக்கு நஷ்டம் நூற்றுக்கு நூறு அல்லவா?

இதைவிடக் கொடுமை, முன்கூட்டிச் சோதித்துப் பார்த்தவர்கள் சிலர் வெளியீட்டுக்கு முன்பே இந்த அபாயத்தை எழுதித் தெரிவித்திருந்ததுதான். சொன்னவர்கள் சிலர்; ஆகவே அது கவனத்துக்கு வரவில்லை. பாதிப்பின் கடுமையையும் குறித்துச் சொல்லும் வசதியைப் பிற்பாடுதான் செய்தார்கள்.

தலைகளை எண்ணுவது தேர்தலுக்குச் சரி. பிறர் வீட்டுப் பெட்டியைத் திறந்து சீர்செய்ய வருகிறவனுக்கு அது நியாயமாகாது. ஒரே ஒருவர் 'ஐயோ' என்றாலும் அவன் கையை எடுத்துவிட வேண்டும்.