வரி வீணைக்கா, பெட்டிக்கா?

தஞ்சாவூரில இருந்து வந்த என்ர வீணையைச் சுங்கத்தில எடுக்கப் போன அண்டைக்குத்தான் கணக்கு விளங்கிச்சு. வரி வீணையின் விலைக்கு மட்டும் இல்லை. கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் கூட்டி வாற தொகைக்கு. குடம் உடையாமல் இருக்க அடிச்ச மரப்பெட்டி பெருக்கப் பெருக்கக் கூலி ஏறுது, கூலியோட வரியும் ஏறுது. மற்றத் தீர்வைகள் இருந்தா அதுகளையும் சேர்த்துத்தான் 18% வற் வரி.

மேடையில "எங்கட கலை, எங்கட பண்பாடு". பற்றுச்சீட்டில வெறும் இறக்குமதிப் பொருள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டும். மற்றப் பிள்ளை? பள்ளிக்கூடத்துத் தந்தியறுந்த வீணையோட மல்லுக்கட்டும், இல்லாட்டி வாத்தியத்தையே விட்டிடும்.

இசை படிக்கிற மாணவருக்கு, படிக்கிற இடத்தின் கடிதத்தோட, ஒரு வாத்தியத்துக்காவது வரிவிலக்கு வேணும். பொன்னாடை போர்த்துற பெரியாக்கள் முதல்ல இதைக் கேக்கட்டும்.