வாக்குமூலம் எழுதுகிறவர் யாருடைய ஆள்?

சென்னை – பெங்களூரு விரைவுச்சாலை கோலார் மாவட்டத்தில் மாலூர், பங்காருபேட்டை பக்கமாக வந்து, கே.ஜி.எஃப்.பை (கோலார் தங்க வயல்) அடுத்த பேத்தமங்கலத்தைக் கடந்து ஆந்திரத்துக்குள் நுழைகிறது. இப்படி நெடுஞ்சாலைக்கு நிலம் போனவர், இழப்பீடு போதவில்லை என்று நேரே நீதிமன்றப் படியேற முடியாது. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி பிரிவின்படி மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம்தான் முதலில் முறையிட வேண்டும். பெரும்பாலும் அந்த நடுவர், நம் ஊரில் டி.சி. என்று சொல்கிற மாவட்டத் தலைமை அதிகாரி. நிலத்துக்கு முதலில் விலை வைத்தவரும் வருவாய்த் துறைக்காரரே. விவசாயி சொல்வதை எழுதிக்கொள்கிற சுருக்கெழுத்தரும் அதே அலுவலகத்தின் ஊழியராகவோ, ஏஜென்சி அனுப்பிய ஒப்பந்த ஆளாகவோ இருந்தால் அந்தப் பதிவை எப்படி நம்புவது?

நிலம் எடுப்பு வழக்குகளில் சாட்சியம் பதிவு செய்கிறவரை, நிலம் எடுக்கும் தரப்போ, விலை நிர்ணயித்த துறையோ அமர்த்தக் கூடாது. மாவட்ட நீதிமன்றத்தின் பொறுப்பில், தேர்வு வைத்து நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர்களே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

காரணம், நடுவர் முன் எழுதப்படுவதுதான் கடைசி வரை நிற்கும். தமிழக நெடுஞ்சாலை நிலங்கள் தொடர்பான ஹக்கீம் வழக்கில் அதிகாரி வைத்த விலை சதுர மீட்டருக்கு ரூ. 46.55 முதல் ரூ. 83.15 வரை. நடுவரான ஆட்சியரும் அதையே ஏற்றார். மாவட்ட நீதிமன்றம் ரூ. 645 ஆக உயர்த்தியது. நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் திருத்தி எழுத முடியாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது (அந்த விவசாயிகளுக்குக் கிடைத்த தொகையில் மட்டும் கை வைக்கவில்லை). 2025-இல் அரசியல் சாசன அமர்வு திருத்துவதற்குக் கொஞ்சம் இடம் விட்டது. ஆனாலும் சாட்சியத்தை முதலிலிருந்து அலச வழியில்லை. போர்வெல்லில் தண்ணீர் இருந்ததா, மாமரம் காய்ப்புக்கு வந்துவிட்டதா என்பதெல்லாம் பணம். பதிவில் ஒரு வரி விடுபட்டால் அந்தப் பணமும் போயிற்று.

கே.ஜி.எஃப்.பில் சிக்கல் இரட்டிப்பு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கத்துக்கு வந்த பிறகு வடார்க்காட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் இது. நகரத்தில் தமிழ், சுற்றுக் கிராமங்களில் தெலுங்கும் கன்னடமும். ஒரே சாட்சி ஒரே மூச்சில் மூன்றும் பேசுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் (ஆணை 18, விதி 6), சாட்சிக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட சாட்சியத்தை அவர் பேசிய மொழியில் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் நடுவர் விசாரணையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. சிவில் கோர்ட்டில் இருக்கிற பாதுகாப்புகூட டி.சி. அலுவலகத்தில் இல்லை.

நிரந்தரப் பணி என்றதும் அதிகாரிகள் உமாதேவி தீர்ப்பை நீட்டுவார்கள். 2006-இல் வந்த அது கர்நாடகத்துத் தினக்கூலி ஊழியர் வழக்குதான். ஆனால் அது தடுத்தது கொல்லைப்புற நியமனத்தை. முறையாகத் தேர்வு நடத்த எந்தத் தடையும் இல்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக ஆள் வைத்திருப்பதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்துவிட்டது. ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், ஒப்பந்தத்தை நீட்டிக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். அவர்மேல் குற்றமில்லை, வயிற்றுப்பாடு. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 28, வழக்கில் ஒரு தரப்பின் ஊழியரோ உறவினரோ வாக்குமூலப் பதிவை நடத்தவே தடை விதிக்கிறது.

பேச்சைக் கேட்டு இயந்திரமே எழுதட்டுமே என்பவர்களும் உண்டு. கேரளம் கீழ்நீதிமன்றச் சாட்சியப் பதிவுக்கு அந்த வழியில் இறங்கியிருக்கிறது. நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒலிப்பதிவைப் பாதுகாத்து, நிலம் இழந்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மொழியும் தெரிந்த ஒருவர், இயந்திரம் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நடுவரை நியமிப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். நியமன ஆணையிலேயே இந்த நிபந்தனைகளை அமைச்சகம் சேர்க்கட்டும். அதற்கான பணியிடங்களைக் கர்நாடக அரசு உயர் நீதிமன்றத்தின் வழியாக உடனே உருவாக்கட்டும்.