விடை தருவோரா, வழிகாட்டுவோரா? – மென்பொருள் வல்லுநர்களுக்கு முன்னுள்ள கேள்வி

ஒரு துறையில் தேர்ச்சி பெற்றிருப்பதும் அத்தேர்ச்சியைப் பிறருக்குக் கையளிப்பதும் வெவ்வேறு திறன்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் எல்லோரும் நல்ல நீச்சல் ஆசிரியராகிவிடுவதில்லை. மென்பொருள் துறையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பத்து ஆண்டுகள் நிரல் எழுதிய ஒருவருக்கு மூத்த பொறியாளர் என்னும் பதவி கிடைக்கிறது. மறுநாள் முதல் இரண்டு இளையோருக்கு அவர் வழிகாட்ட வேண்டுமென நிறுவனம் எதிர்பார்க்கிறது. எவ்வாறு வழிகாட்டுவது என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழர் பலர், அலுவலகத்துக்கு வெளியேயும், தாயகத்து மாணவர்களுக்கும் தாம் வாழும் நாட்டின் இளையோருக்கும் தன்னார்வத்துடன் உதவ முன்வருகின்றனர். குடும்பத்திலோ சுற்றத்திலோ பொறியாளர் ஒருவர்கூட இல்லாத மாணவருக்கு இவ்வுதவி எத்துணைப் பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நல்லெண்ணம் பயன்தர வேண்டுமாயின், வழிகாட்டுதல் என்பது உண்மையில் யாது என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும்.

இக்கேள்வி இன்று முன்னைவிட அவசரமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், நிரல் தொடர்பான எந்த ஐயத்துக்கும் நொடிகளில் ஒரு விடையைப் பெற்றுவிட முடிகிறது. அவ்விடை சில வேளை சரியாக இருக்கும். சில வேளை சரிபோலத் தோன்றும் தவறாக இருக்கும். கேட்டதற்கு விடை சொல்வதே வழிகாட்டியின் பணி என்று கருதுவோருக்கு இனி வேலை குறைவு. எதைக் கேட்பது, கிடைத்த விடையை எவ்வாறு சோதிப்பது, ஏன் ஒரு வழியை விட்டு மற்றொன்றைத் தெரிவது என்பனவற்றைக் கற்பிப்போருக்கோ முன்னெப்போதையும்விடத் தேவை மிகுதி.

நிரலில் எழுதப்படாத அறிவு

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நாவுர், 2005ஆம் ஆண்டுக்கான தூரிங் விருதைப் பெற்றவர். 1985இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில் அவர் ஒரு நிகழ்வை விவரிக்கிறார். ஒரு குழு கம்பைலர் ஒன்றை உருவாக்கியது. மற்றொரு குழு அதனைச் சற்று விரிந்த மொழியொன்றுக்குப் பொருந்துமாறு நீட்டிக்க முற்பட்டது. முழு நிரலும் விரிவான ஆவணங்களும் இரண்டாம் குழுவிடம் இருந்தன. இருந்தும் அக்குழு முன்வைத்த மாற்றங்கள் பலவும், மூல அமைப்பின் எளிமையைக் குலைக்கும் ஒட்டுவேலைகளாகவே அமைந்தன. முதற்குழுவினரோ அவற்றைக் கண்டவுடன் குறையை உணர்ந்து, இருந்த அமைப்புக்குள்ளேயே எளிய தீர்வுகளைக் காட்டினர். சில ஆண்டுகளுக்குப் பின், முதற்குழுவின் துணையின்றி வேறு நிரலாளர்கள் அதனை வளர்த்தபோது, மூல அமைப்பு நிரலில் தென்பட்டாலும் பயனற்றுப் போயிருந்தது.

ஒரு மென்பொருளைப் பற்றிய மெய்யான அறிவு நிரலிலோ ஆவணத்திலோ முழுமையாக இல்லை, அதனை உருவாக்கியோரின் மனத்தில் இருக்கிறது என்பதே நாவுரின் முடிவு. அவ்வறிவு ஆளிடமிருந்து ஆளுக்கு, உடனிருந்து பணியாற்றுவதன் வழியே செல்கிறது. வழிகாட்டி கையளிக்க வேண்டியது விடையையன்று. விடைக்கு இட்டுச்சென்ற சிந்தனையை.

அறிந்தவரின் மறதி

இதில் முதல் தடை வழிகாட்டியின் தேர்ச்சியே. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஓர் ஆய்வு நடத்தினார். சிலர் நன்கறிந்த பாடல்களின் தாளத்தை மேசைமேல் தட்ட வேண்டும். மற்றவர் அது எப்பாடல் எனக் கூற வேண்டும். பாதியளவேனும் கண்டுபிடிக்கப்படும் எனத் தட்டியவர்கள் எண்ணினர். ஆனால் தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டறியப்பட்டவை 3 மட்டுமே. தட்டியவரின் மனத்தில் இசை முழுமையாக ஒலித்தது. கேட்டவர் காதில் விழுந்ததோ வெறும் தட்டொலி.

“அந்த லாகைப் பார்த்தால் தெரிந்துவிடுமே” என்று மூத்த பொறியாளர் கூறும்போது நிகழ்வதும் இதுவே. ஆயிரம் வரிகளில் எந்த வரியில் கண் நிற்க வேண்டும், எவற்றைத் தாண்டிச் செல்லலாம் என்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. அதனை அறிவென்றே அவர் உணர்வதில்லை. எனவே வழிகாட்ட விழைவோர் முதலில் பழக வேண்டியது, சிந்தனையை வாய்விட்டுச் சொல்வது. “இவ்வரியைத் தாண்டுகிறேன், ஏனெனில் இது எச்சரிக்கை மட்டுமே, இங்கு நிற்கிறேன், ஏனெனில் முதல் பிழை இங்குதான் தோன்றுகிறது” என்று திரையைப் பகிர்ந்தபடி அரைமணி நேரம் பேசுவது, அனுப்பிவைக்கும் பத்து இணைப்புகளைவிடப் பயன் தரும்.

ஐந்து எனக் காட்டும் கணினி

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை மாணவர் ஒருவர் பைத்தானில் எழுதுகிறார் எனக் கொள்வோம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் எனக் கேட்டால், கணினி 5 என்கிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் தெரியும், அதில் மூன்றே எழுத்துகள் என்று. மாணவர் குழம்பிப்போய் உதவி கேட்கிறார்.

எழுத்துகளைச் சரியாக எண்ணும் நிரல்தொகுதி ஒன்றின் பெயரை அனுப்பிவிட்டால் சிக்கல் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாணவர் நன்றி கூறுவார். ஆனால் ஒன்றும் கற்றிருக்க மாட்டார். நல்ல வழிகாட்டி வேறொன்று செய்வார். அச்சொல்லைத் தலைகீழாகத் திருப்பி அச்சிடச் சொல்வார். புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும். மகரத்துக்குரிய இகரக்குறி ழகரத்தின்மேல் ஏறி ‘ழி’ எனத் தோன்றும். “கணினி எதை எண்ணியது?” என்று அப்போது கேட்டால், ஒருங்குறியில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து தனித்தனிக் குறியீடுகள் இருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார். அதே சொல் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகள் ஆவது ஏன் என்பதும் அடுத்த கேள்வியாக அவரிடமிருந்தே எழும். பின்னாளில் மலையாளமோ சிங்களமோ எதுவாயினும், எழுத்து வேறு, குறியீடு வேறு என்னும் தெளிவு அவரிடம் இருக்கும்.

கட்டிப் பின் பிரிக்கும் சாரம்

எவ்வளவு உதவுவது என்பது அடுத்த கேள்வி. 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் 3 முதல் 5 வயதுச் சிறார் மரக்கட்டைகளை அடுக்கிக் கூம்புருவம் அமைக்கக் கற்பதை ஆராய்ந்தனர். கற்பிப்பவர் தரும் உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு அவர்கள் ஒப்பிட்டனர். தனியே செய்ய இயலாத பகுதியை மட்டும் ஆசிரியர் தாங்குகிறார். குழந்தை தேறத் தேற உதவி குறைகிறது. கட்டடம் எழுந்த பின்னும் பிரிக்கப்படாத சாரம் இடையூறே.

நேற்றுவரை இயங்கிய மென்பொருள் இன்று இயங்கவில்லை. இடையில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன எனக் கொள்க. நடுவிலுள்ள மாற்றத்தைச் சோதித்து, பிழை எப்பாதியில் உள்ளது எனக் கண்டு, மீண்டும் பாதியாக்கினால் பத்தே சோதனைகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். முதல் முறை வழிகாட்டி செய்துகாட்ட வேண்டும். இரண்டாம் முறை மாணவர் செய்ய அவர் அருகிலிருக்க வேண்டும். மூன்றாம் முறை, “எந்த அளவில் வந்திருக்கிறீர்கள்?” என்று மாலையில் கேட்டால் போதும். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் கையை அடக்குவதே பல வல்லுநர்களுக்கு மிகக் கடினமான பயிற்சி.

சொல்லும் முறை

நிரலை மீளாய்வு செய்யும்போது எழுதப்படும் குறிப்புகளே இளையோர் மிகுதியாகக் கற்குமிடம். மனமுடைந்து விலகுமிடமும் அதுவே. ஜெரால்டு வைன்பெர்க் 1971இலேயே, நிரலைத் தம் சொந்த மதிப்போடு பிணைத்துக்கொள்ளாத பணிப்பண்பாட்டை வலியுறுத்தினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கடுஞ்சொற்களுக்குப் பெயர்பெற்றவர். 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். திறமை கடுமையை நியாயப்படுத்தும் என்ற பழைய வாதம் அன்று வலுவிழந்தது.

“இது தவறு” என்பதற்குப் பதிலாக, “இச்செயற்கூறுக்கு வெற்றுச்சரம் வந்தால் என்ன நிகழும்?” என்று கேட்கலாம். தரத்தில் தளர்வு ஏதுமில்லை; கண்டுபிடிக்கும் வாய்ப்பு மட்டும் மாணவரிடம் விடப்படுகிறது. மூத்தோரை எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்” என்று வழிகாட்டி கூறுவது பெரும் துணிவைத் தரும்.

காலம் ஒதுக்காமல் இயலாது

தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பது அதனை மேலும் தாமதமாக்கும் என ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். புதியவர்க்குப் பயிற்சியளிக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பணியிலுள்ளோரே என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. வழிகாட்டுதலும் வேலை, அதற்கு நேரம் செலவாகும். அதனைக் கணக்கில் கொள்ளாத நிறுவனங்கள் வழிகாட்டியையும் இழக்கும், மாணவரையும் இழக்கும்.

2005 முதல் கூகுள் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டத்தில், பங்கேற்போர் நிரலெழுதத் தொடங்குமுன், தம் வழிகாட்டியையும் திட்டச் சமூகத்தையும் அறிந்துகொள்வதற்கெனவே சில வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. தன்னார்வலரும் இதனைப் பின்பற்றலாம். இருபது மாணவருக்கு எப்போதாவது விடையனுப்புவதைவிட, இருவருக்கு வாரந்தோறும் குறித்த நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது மேல். வேறுபட்ட நேர வலயங்களில் வாழ்வோருக்கு இவ்வொழுங்கு இன்னும் இன்றியமையாதது.

இன்று ஒரு மாணவரிடம் தொடங்க விரும்பும் வல்லுநர், அவருடைய முதற்கேள்விக்கு உடனே விடையளிக்காமல், “இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பொறுமையுடன் செவிமடுக்கட்டும். அம்மாணவர் சில ஆண்டுகளில் இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேட்பாராயின், தன்னார்வலர் செலவிட்ட வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீண்போகவில்லை.