கடல் கடந்து விற்கப்பட்ட தமிழர்

அடிமை வணிகம் என்றவுடன் நம் மாணவர் ஆப்பிரிக்கரை மட்டுமே நினைக்கின்றனர். பாடநூல் கற்பித்தது அவ்வளவே. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 125 இலக்கம் ஆப்பிரிக்கர் அத்திலாந்திக் கடலில் கப்பலேற்றப்பட்டனர். உயிருடன் கரையேறியோர் ஏறத்தாழ 107 இலக்கத்தினரே. இக்கொடுமையை எத்துணை முறை கற்பித்தாலும் தகும். ஆயின், அவ்வணிகத்தில் நம் தறிக்கும் தொடர்புண்டு என்பதைக் கற்பிப்பார் யார்? ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்க ஐரோப்பியர் ஈந்த பண்டங்களுள் முதன்மையானது துணி. அதில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரும்பங்குண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிக்குக் 'கினித்துணி' என்றே பெயரிட்டனர். கினி என்பது அடிமைகளை ஏற்றிய மேலை ஆப்பிரிக்கக் கரையின் பெயர். தான் நெய்த துணி எவனுக்கு விலையாயிற்று என்பதை நெய்தவன் அறியான்.

இதனினும் மறைந்து கிடப்பது நம் மக்களே விற்கப்பட்ட வரலாறு. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், 1622 ஏப்பிரல் முதல் 1623 நவம்பர் வரை, அவ்வூரிலிருந்தும் தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்தும் ஏறத்தாழ 1,900 பேரை ஏற்றினர். 1646இல் பத்தாவியாவிற்கு 2,118 பேர் சென்றனர். அவருள் மிகப் பெரும்பாலார் சோழமண்டலத் தென்கரையினர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாடு பீசப்பூர்ப் படையால் பாழ்பட்டபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற துறைகளிலும் 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கினர். பெரும்பாலார் ஈழத்திற்கு அனுப்பப்பட்டனர். ஆங்கிலரும் வாளா இருந்திலர். 1687 செப்டம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து 665 பேரை ஏற்றிவிட்டு, மறு ஆண்டில் அவ்வணிகத்தைத் தடை செய்தனர்.

வாங்கிய முறையைக் கூர்ந்து நோக்குக. ஊர் புகுந்து ஆள் பிடிக்கும் வேலை ஒல்லாந்தனுக்குப் பெரிதும் இல்லை. மழை பொய்க்கும், அல்லது படை வரும்; நெல் விலை ஏறும்; ஏற ஏற ஆள்விலை இறங்கும். பெற்றோர் பிள்ளையை விற்பர், அன்றித் தம்மையே விற்பர். துறையில் கப்பல் காத்து நிற்கும். பஞ்சம் தீர்ந்த ஆண்டுகளில் வணிகம் தளரும். மாந்தரைச் சரக்காக்கியது சங்கிலியினும் பசியே.

பறங்கியரை மட்டும் பழித்து அமைவது நடுநிலையன்று. விற்றவனும் இடைநின்ற தரகனும் நம்மவரே. அவர் வருமுன்னரே இவ்வழக்கம் இங்கு இருந்தது. 1201ஆம் ஆண்டுத் திருப்பாம்புரக் கல்வெட்டு, பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு மகளிரொடு 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையானதைக் கூறுகின்றது. ஆளோலை என்னும் சொல்லையே நாம் பெற்றிருந்தோம். சுந்தரரைத் தடுக்க வந்த முதியவர் காட்டியதும் அதுவே. கடாரம் கொண்ட பெருமையை மேடைதோறும் முழங்கும் நாம், அதே கடலில் கூலமும் துணியும் போல் நம் பிள்ளைகள் ஏற்றப்பட்டதைப் பேசக் கூசுவது ஏன்?

பழங்கதை என்று தள்ளுவார்க்கு ஒன்று சொல்வேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பின்னரும், 1990களில், இக்காஞ்சியின் பட்டுத்தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகச் சிறுவர் அமர்த்தப்பட்டனர். கடன் தீருமளவும் பிள்ளை தறியை விட்டு நீங்கல் ஆகாது. கப்பல்தான் இல்லை, பெற்றோர் பசியும் பிள்ளைக்கு ஈடான பணமும் அவையே.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகள் நடுவணரசின் தொல்லியல் துறையால் காக்கப்படுகின்றன. வேலைப்பாடமைந்த கற்கள், இறந்தார் பெயரும் ஆண்டும் தெளிவாக உள. அத்துறையில் கப்பலேறிய நம்மவர்க்கும் ஒரு கல் வேண்டும், தமிழில், மேற்சொன்ன ஆண்டுகளோடும் எண்களோடும். பாடநூலில் ஆப்பிரிக்கர் வரலாற்றை அடுத்து ஒரு பக்கமும் வேண்டும். பாடநூற் குழுவில் அமர்ந்துள்ள தமிழாசிரியர்கள் இதனைக் கேட்டுப் பெறல் கடன்.