எழுபது வளைவு... ஒரு சைக்கிள்!

"பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்மென்ட்ல கொடுத்த சைக்கிள்தான் எங்கிட்ட இருக்கு. கியர் கிடையாது. இதை வெச்சுக்கிட்டு கொல்லிமலை ஏற முடியுமா? கேட்டா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க!"

நாமக்கல் பக்கத்துல இருந்து ஒரு செகண்ட் இயர் மாணவர் இப்படிக் கேட்டிருக்கார். பாஸ், ஏற முடியும். ஆனா, ஏறுறதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணை நீங்க கேட்கவே இல்லை. அதுக்குக் கடைசியா வர்றேன்.

முதல்ல ரூட். நாமக்கல்லில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்க. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி அடிவாரம். முப்பது கிலோமீட்டர் போல வரும். பெரிய மேடு கிடையாது. வயலும் தோப்புமா பார்த்துக்கிட்டே மிதிச்சிடலாம். இங்கேதான் எல்லோரும் தப்பு பண்றாங்க. காத்து ஜில்லுனு இருக்கே, ரோடு சும்மா வழுக்கிட்டுப் போகுதேன்னு ரேஸ் விடுவாங்க. அடிவாரம் வர்றப்பவே பாதி பெட்ரோல் காலி!

காரவள்ளியில இருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்துல கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏறணும். கணக்குப் போட்டுப் பாருங்க, நூறு மீட்டர் போனா ஐந்து மீட்டர் உயரம். உங்க ஊர் ரயில்வே மேம்பாலம் இருக்கே, கிட்டத்தட்ட அந்த ஏத்தம்தான். அது முடியவே முடியாம இருபது கிலோமீட்டர் நீண்டா எப்படி இருக்கும்? அதான் கொல்லிமலை.

இப்ப உங்க சைக்கிளுக்கு வருவோம். சாதாரண சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் இருக்கும். ஒரு தடவை மிதிச்சா வண்டி அஞ்சே கால் மீட்டருக்கு மேல ஓடும். சமதளத்துக்கு சூப்பர். மலைக்கு? முழங்கால் கழண்டுடும். தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்கிட்ட போய், "பின்னாடி ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாத்திக் கொடுங்கண்ணே"னு கேளுங்க. அது கிடைக்கலைன்னா 20 பல். செயின்லயும் ரெண்டு கண்ணி சேர்க்க வேண்டி வரலாம். 22 போட்டா ஒரு மிதிக்கு நாலரை மீட்டருக்கும் குறைவாத்தான் போகும், ஆனா கால் சுத்தும். இருபதாயிர ரூபாய் கியர் சைக்கிள் பண்ற வேலையில ஒரு பங்கை இந்தச் சின்ன சாமான் பண்ணிடும். சிரிச்ச ஃப்ரெண்ட்ஸுக்கு இது தெரியாது.

சீட் உயரத்தையும் பாருங்க. குதிகாலை பெடல்ல வெச்சு கீழே கொண்டு போனா கால் நேரா நீளணும். நம்ம பசங்க பாதிப் பேர் தாழ்வான சீட்ல உட்கார்ந்து, முட்டி தாடையில இடிக்கிற மாதிரி ஓட்டிட்டு, அப்புறம் முட்டி வலிக்குதுன்னு தைலம் தேய்ப்பாங்க.

பயிற்சிக்கு ரெண்டு மாசம் வேணும். வாரத்துல மூணு நாள் அதே மேம்பாலத்துல பத்து தடவை ஏறி இறங்குங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு நாப்பது, அம்பது கிலோமீட்டர். பார்க்கிறவங்க "இந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?"ம்பாங்க. கண்டுக்காதீங்க.

என் முதல் முயற்சியைச் சொல்லணும். காலேஜ் மூணாவது வருஷம், ஏப்ரல் மாசம். பத்து மணி வெயில்ல அடிவாரம், முதுகுல ஏழு கிலோ பை, கையில ஒரே ஒரு பாட்டில் தண்ணி! இருபத்தி மூணாவது வளைவுல கண்ணு இருட்டிடுச்சு. சாலையோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, அன்னாசிப்பழ லோடு இறக்கிட்டு மேலே போன டெம்போக்காரர் நிறுத்தினார். எதுவும் கேட்கலை. ஒரு பழத்தை நறுக்கி, உப்பு தூவிக் கொடுத்தார். தின்னு முடிச்சதும் சைக்கிளையும் என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுக்கிட்டார். மீதி நாப்பத்தேழு வளைவையும் நான் டெம்போவுல நின்னுக்கிட்டுதான் பார்த்தேன். வீட்டுக்கு "ஜெயிச்சுட்டேன்"னு போன் பண்ணினது தனிக் கதை.

அதனால ஏப்ரல், மே வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையும் வேண்டாம். டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் சரியான நேரம். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், கூட்டம் அள்ளும். விழா பார்க்கணும்னா பஸ்ல போங்க, சைக்கிள் வேண்டாம். பையை முதுகுல மாட்டாம கேரியர்ல கட்டுங்க. ரெண்டு பெரிய பாட்டில் தண்ணி, அதுல உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும். வாழைப்பழம், கடலை மிட்டாய். கிளம்புற ஊர் நாமக்கல்லாச்சே, அவிச்ச முட்டையைச் சொல்லவா வேணும்! பஞ்சர் சாமான், ஒரு ஸ்பேர் ட்யூப், கையடக்கப் பம்ப் கட்டாயம்.

பத்து வளைவுக்கு ஒருமுறை நில்லுங்க. முடியலையா, இறங்கித் தள்ளுங்க. தள்ளுறது தோல்வி இல்லை, அதுவும் மேலேதானே போகுது!

சோளக்காடு வந்துட்டா காத்தே மாறிடும். செம்மேட்டுல ரூம் போட்டு அன்னிக்குத் தூங்கிடுங்க. அடுத்த நாள் முழுக்க மலை மேல சுத்தலாம். 'மேலே வந்தாச்சு, இனி சமதளம்'னு நினைச்சா ஏமாந்தீங்க. அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் மேடும் பள்ளமும்தான். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறி நிக்கும். சரிவுல மரவள்ளி. ஒரு காலத்துல சாமையும் தினையும் விளைஞ்ச நிலத்துல நிறைய இடத்துல இப்ப மரவள்ளிதான். கீழே இருக்கிற ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது, கையில காசு வருது. 'பாரம்பரியத்தை விட்டுட்டாங்களே'னு அவங்ககிட்ட போய் லெக்சர் அடிக்காதீங்க ப்ளீஸ். சாமைச் சோறு எங்கேயாவது கிடைச்சா காசு கொடுத்துச் சாப்பிடுங்க, போதும். வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிற பாட்டியைக் கேட்காம போட்டோ எடுக்காதீங்க. மிளகு வாங்கும்போது பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதீங்க. அவங்க அந்த மூட்டையைத் தலையில வெச்சு ரோட்டுக்குக் கொண்டு வந்தவங்க.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்குறது ஈஸி. இறங்கினதை எல்லாம் திரும்ப ஏறணுமே! அருவிக்குப் போன அதே நாள்ல மலை இறங்குற பிளான் மட்டும் போடாதீங்க. நடுங்குற காலோட இறங்கக் கூடாத மலை அது.

சரி, நீங்க கேட்காத கேள்வி. 'என் சைக்கிள் மலை ஏறுமா?' இல்லை பாஸ், 'இறங்கும்போது நிக்குமா?'

உங்க எடை, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 80 கிலோன்னு வைங்க. ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியாகிற சக்தி, ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். காத்து கொஞ்சம் எடுத்துக்கும். மீதி முழுக்க உங்க ரிம்முலயும் பிரேக் கட்டையிலயும் சூடா இறங்கும். என் நண்பன் ஒருத்தன் ஏறினப்ப சிங்கம் மாதிரி ஏறினான். இறங்கும்போது பின் பிரேக்கை மட்டும் விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தான். பாதி வழியில ரப்பர் கருகுற வாசனை. நான் பின்னாடி இருந்து கத்தினேன், காதுல விழலை. கட்டை தேய்ஞ்சு இரும்பு ரிம்மைத் தொட்டது. அடுத்த வளைவுல எதிரே பஸ். இடப்பக்கம் திருப்பினான், மண் மேட்டுல மோதி விழுந்தான். காறை எலும்பு முறிஞ்சுது. அந்த இடத்துல மேட்டுக்குப் பதிலா பள்ளம் இருந்திருந்தா... அதை இன்னிக்கும் அவன்கிட்ட நான் பேசுறதில்லை.

கிளம்புறதுக்கு முதல் வாரமே நாலு பிரேக் கட்டையும் புதுசா போடுங்க, பையில ஒரு செட் எக்ஸ்ட்ரா. வளைவுக்கு முன்னாடியே ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைச்சிட்டு, விட்டுடுங்க. பிடிச்சுக்கிட்டே வராதீங்க. பத்து வளைவுக்கு ஒருமுறை இறங்கி ரிம்முல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. 'சொய்ங்'னா பத்து நிமிஷம் ரெஸ்ட். ஏறுற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அதனால நீங்க ஒதுங்குங்க. பனி இறங்கியிருந்தா வெயில் வர்ற வரைக்கும் டீக்கடையை விட்டு நகராதீங்க. ஹெல்மெட்? அதெல்லாம் கேட்கவே கூடாது, போடணும்.

வீட்ல சொல்லிட்டுப் போங்க. எந்த ஊர்ல, எந்த நாள்ல இருப்பீங்கன்னு எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுக் கிளம்புங்க. மலையில எல்லா வளைவுலயும் சிக்னல் இருக்காது.

அப்புறம், அந்த செகண்ட் இயர் தம்பிக்கு: செமஸ்டர் முடியட்டும். முதல்ல அந்த ஃப்ரீவீலை மாத்துங்க. கடை அண்ணன் "எதுக்குப்பா?"னு கேட்டா, சும்மா சிரிங்க.