வெண்மைக்குக் கொடுக்கும் விலை

பருத்தித் துணி தறியிலிருந்து பளிச்சென்று இறங்குவதில்லை. லேசான மஞ்சள் அதன் இயல்பு நிறம். அதைப் போக்க வாரக்கணக்கில் வெயிலில் விரித்துவைத்த காலத்தை மாற்றியது குளோரின். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார்.

குளோரினிலிருந்து செய்யும் ஹைப்போகுளோரைட்டின் கவர்ச்சி எளிது: விலை குறைவு, கொதிகலன் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். கணக்கு பிறகுதான் வருகிறது. துணியில் தங்கிய குளோரினை நீக்கத் தனி ரசாயனம், திரும்பத் திரும்ப அலசல். கழிவுநீரில் உப்போடு நச்சான கரிமக் குளோரின் சேர்மங்களும் சேரும்.

மாற்று வழியான ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு வழக்கமாகக் கொதிநிலையை நெருங்கும் சூடும், காரமும், நிலைப்படுத்த சோடியம் சிலிக்கேட்டும் தேவை. எரிபொருள் செலவு கூடும். தண்ணீரில் இரும்பு கலந்தால் துணியில் ஓட்டையே விழும். ஆனால் பெராக்சைடு கடைசியில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. வெண்மையும் நீடிக்கிறது. மற்றொரு வெளுப்பு ரசாயனமான சோடியம் குளோரைட்டோ நச்சு வாயுவை வெளியிட்டு, துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும். பருத்திக்கு அது வேண்டாத வேலை.

நொய்யல் ஆற்றை மறந்து இதைப் பேச முடியாது. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாய, சலவைக் கழிவுகள் தேங்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் அந்தச் சாய, சலவை ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பெராக்சைடு மட்டும் ஆற்றை மீட்டுவிடாது. காரக் கழிவுக்குச் சுத்திகரிப்பு கட்டாயம். ஆனாலும் குளோரினை விட்டு வெளியேறுவதே முதல் படி. சிறு பட்டறைகள் மாறுவதற்கான கொதிகலன் செலவில் அரசும், வெள்ளைச் சட்டை கேட்கும் ஏற்றுமதி வாடிக்கையாளர்களும் பங்கேற்க வேண்டும்.